ஷீட் கூரையை எடுத்துவிட்டு லைட்வெயிட் பேனல் தளம்: நம்பிப் போடலாமா?

கூரைமாற்றம்:
எங்கள் வீடு ஒற்றைத் தளம், 230 மிமீ செங்கல் சுவர், மேலே ஷீட். ஷீட்டைக் கழற்றிவிட்டுத் தளம் போட்டு, மாடியில் இரண்டு அறையும் ஒரு குளியலறையும் எடுக்க ஆசை. அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்த இன்ஜினியர், "வழக்கமான கான்கிரீட் தளம் இரண்டு அடுக்கு ஏறினால் இது தாங்காது, எடையைக் குறைக்க வழி பாருங்கள்" என்றார். விசாரித்ததில் கம்பி வைத்த ஏஏசி (உள்ளே பொடிப்பொடிக் காற்றுத் துளைகள் உள்ள இலகு கான்கிரீட்) பேனலை ஒருவர் காட்டினார். 600 மிமீ அகலம், 150 மிமீ கனம். சென்ட்ரிங் வேண்டாம், எடை மூன்றில் ஒரு பங்குதான், நீளம் கூடினால் சைட்டிலேயே அறுத்துக்கொள்ளலாம் என்கிறார். எனக்கு ஒரு அறை 3.2 மீட்டர், இன்னொன்று 4.2 மீட்டர். மாதிரித் துண்டை நகத்தால் கீறினாலே பொடி உதிர்கிறது. இதன்மேல் குடும்பம் நடமாடலாமா?

மொட்டைமாடி:
நாங்கள் கூரைக்கு மட்டும் போட்டிருக்கிறோம். வெயில் நேரத்தில் அறைக்குள் இறங்கும் சூடு நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் பேனலும் பேனலும் சேரும் இடத்தில் மேற்பூச்சு கோடு கோடாக வெடித்து, மழைக்கு அங்கேதான் ஓதம் காட்டுகிறது.

சைட்_இன்ஜினியர்:
நடமாடலாம். பொடி உதிர்வதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஆனால் "சைட்டிலேயே அறுத்துக்கொள்ளலாம்" என்றாரே, அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரிடம் வாங்க வேண்டாம் என்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

சாதாரணக் கான்கிரீட் கம்பியை நீளம் முழுக்கக் கவ்விப் பிடிக்கும். ஏஏசி பாதிக்கு மேல் காற்று. அதற்கு அந்தப் பிடிமானம் கிடையாது. அதனால் தொழிற்சாலையில் நீளக் கம்பிகளின் முனைக்கருகே குறுக்குக் கம்பிகளை வெல்டு செய்து வைப்பார்கள். பாரம் ஏறும்போது நீளக் கம்பி நழுவாமல் பிடித்திருப்பது அந்தக் குறுக்குக் கம்பிதான். முனையில் ஒரு சாண் அறுத்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். அறுத்த முகத்தைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்: வெள்ளைச் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடித் துளைகள், நடுவே கம்பியின் பளபளக்கும் வட்டம், அதைச் சுற்றி மெல்லிய பூச்சு. அந்தப் பூச்சு இல்லாவிட்டால் கம்பி துருப்பிடிக்கும், ஏனென்றால் இந்தப் பொருள் துருவிலிருந்து கம்பியைக் காப்பாற்றாது. அறுத்த இடத்தில் பிடிமானமும் போச்சு, பூச்சும் போச்சு.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. பிரிட்டனில் 1950களிலிருந்து 1990கள் வரை பள்ளி, மருத்துவமனைக் கூரைகளில் இதே வகைப் பேனலை நிறையப் போட்டார்கள். 2018இல் கென்ட் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளியின் கூரை இடிந்து விழுந்தது. வார இறுதி என்பதால் யாருக்கும் காயமில்லை. 2023இல், கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நேரத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் இந்தப் பேனல் இருந்த பகுதிகளை மூடச் சொன்னார்கள். ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்தவை இவைதான்: சுவரில் போதிய அளவு உட்காராத முனை, அறுத்த பேனல், தட்டைக் கூரையில் தேங்கிய தண்ணீர், துரு. சுவரில் 75 மிமீக்குக் குறைவாக உட்கார்ந்திருந்தவற்றை ஆபத்தானவை என்று கணக்கெடுத்தார்கள்.

உங்கள் 230 மிமீ சுவரில் இரண்டு பக்கப் பேனலும் வந்து சந்தித்தால் தலைக்கு 100 மிமீ உட்காரும், நடுவே 30 மிமீ மிஞ்சும். அந்த 30இல் கம்பி ஓட்டி கிரவுட் (இடுக்கில் இறங்கும்படி இளக்கமாகக் கலந்த சிமென்ட் கலவை) நிரப்புங்கள். ஓரச் சுவர்களின் மேல் சுற்றி ஒரு ரிங் பீம் (வளையம்போல் ஓடும் கான்கிரீட் உத்திரம்) கட்டாயம் வேண்டும். பேனல் இடுக்குகளிலும் கம்பி வைத்து, நனைத்து, கிரவுட் ஊற்றி, அந்தக் கம்பியை ரிங் பீமுக்குள் மடக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிய பலகைகள்தான். நிலநடுக்கம் வந்தால் தளம் ஒன்றாக நிற்காது.

எடைக் கணக்கு சொன்னபடி வராது. 150 மிமீ கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 375 கிலோ. அதே கனப் பேனல் கம்பி, ஈரம் சேர்த்து 110, 120 வரும். மேலே 50 மிமீ டாப்பிங் (மேல் கான்கிரீட் அடுக்கு) போட்டால் இன்னும் 120. ஆக மிச்சம் 135 கிலோ அளவுதான். டைல்ஸ், சுவர், ஆட்கள் எடை எதுவும் குறையாது. ஆனாலும் இரண்டு தளத்துக்கு இது பெரிய மிச்சம். இந்த எண்ணை உங்கள் இன்ஜினியரிடம் கொடுத்து அஸ்திவாரத்தை மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள்.

3.2 மீட்டருக்கு 150 மிமீ சரி. 4.2க்கு மெலிவு, 200 மிமீ கேளுங்கள், இல்லையென்றால் நடுவில் ஒரு இரும்பு பீம். ஏஏசி வருடக்கணக்கில் மெதுவாகத் தொய்யும். கூரையில் தொய்ந்தால் அங்கே தண்ணீர் நிற்கும், தண்ணீர் நின்றால் இன்னும் தொய்யும். அதனால் வாட்டத்தைத் தாராளமாகக் கொடுங்கள்.

மொட்டைமாடி, உங்களுக்கு: விரிசல் விட்ட கோட்டின் மேல் மறுபடி கலவை பூச வேண்டாம், அதுவும் வெடிக்கும். இடுக்கைச் சுத்தம் செய்து, இழுபடும் சீலன்ட் வைத்து, மேலே துணி பதித்த வாட்டர்ப்ரூஃப் பூச்சு.

கூரைமாற்றம்:
நன்றி சார். குளியலறைக்குக் குழாய் ஓட்டை போட வேண்டுமே, அதை எப்படி? அப்புறம் தண்ணீர்த் தொட்டி?

சைட்_இன்ஜினியர்:
குளியலறை வரும் பகுதியை மட்டும் வழக்கமான கான்கிரீட்டில் ஊற்றிவிடுங்கள். எப்போதும் நனைகிற இடத்தில் இந்தப் பேனல் வேண்டாம், ஓட்டைப் பிரச்சினையும் தீர்ந்தது. தொட்டியைப் பேனல்மேல் வைக்கவே கூடாது. சுவருக்குச் சுவர் பீம் போட்டு அதன்மேல் வையுங்கள். மாடி அறைக்கு நடுச்சுவர் எடுத்தால் அது ஒரே பேனலின் முதுகில் நீளவாக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேனல் இறங்கும் அன்று நீங்களே சைட்டில் நில்லுங்கள். மேல்பக்கம் எது என்று குறி போட்டிருப்பார்கள். முக்கியக் கம்பி அடிப்பக்கம் இருக்கும். தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டால் வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனால் தாங்க வேண்டிய பக்கத்தில் கம்பி குறைந்திருக்கும். முனை உடைந்து வந்த பேனலைக் கலவை வைத்து ஒட்டித் தருகிறேன் என்பார்கள். திருப்பி அனுப்புங்கள்.