வார்டு டிவி ஒலியை ஒவ்வொரு படுக்கைக்கும் ஹெட்போனில் கொடுக்க வேண்டும், எப்படி வயர் இழுப்பது?

சுவிட்ச்போர்டு:
ஆறு படுக்கை வார்டு, சுவரில் ஒரே டிவி. ஒருவருக்குச் சத்தமாகக் கேட்க வேண்டும், பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் தூங்க வேண்டும், சண்டையைத் தீர்ப்பது நர்ஸின் வேலையாகிவிட்டது. டிவி ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, கேட்க விரும்புகிறவர் மட்டும் ஹெட்போனில் கேட்கும்படி செய்யலாம் என்று நினைக்கிறேன். டிவியில் ஒரு ஹெட்போன் ஜாக்கும் ஒரு ஆப்டிகல் அவுட்டும் (ஒலியை ஒளியாக அனுப்பும் துளை) இருக்கின்றன. ஜாக்கில் ஸ்ப்ளிட்டர் போட்டு ஆறாகப் பிரித்தால் போதுமா, இல்லை புளூடூத்தே நல்லதா?

ஓம்விதி:
ஸ்ப்ளிட்டர் வேண்டாம். ஒரு ஹெட்போன் 32 ஓம் என்றால் ஆறு பேரலலில் சேரும்போது 5 ஓம் சொச்சம்தான் வரும், டிவியின் ஜாக் அதை இழுக்காது, ஒலி தேய்ந்துவிடும். அதைவிட மோசம், யாராவது ஒருவர் பிளக்கைப் பாதி செருகி ஷார்ட் ஆனால் ஆறு பேருக்கும் போச்சு.

ஆப்டிகலிலிருந்து ஒரு டிஏசி (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்கும் பெட்டி), அதிலிருந்து சின்ன ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), ஆம்பிலிருந்து படுக்கைகளுக்கு வயர், ஒவ்வொரு ஜாக்குக்கும் முன்னால் சீரியஸில் 100 ஓம் ரெசிஸ்டர், அரை வாட் போதும். ரெசிஸ்டர் இருந்தால் ஒரு படுக்கையில் ஷார்ட் ஆனாலும் மற்றவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. டிவி செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்டை பிசிஎம் (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) என்று வையுங்கள், டால்பியில் விட்டால் விலை குறைந்த டிஏசி பலவற்றில் சத்தமே வராது.

இன்னொன்று, இப்போது வரும் கிளாஸ் டி ஆம்ப் பலவும் பிரிட்ஜ் வகை, அதாவது பிளஸ், மைனஸ் இரண்டு முனையையும் ஆம்பே ஓட்டும். அதன் மைனஸ் முனை கிரவுண்ட் இல்லை. ஹெட்போன் ஜாக்கில் இடது வலது இரண்டுக்கும் பொது முனை ஒன்றுதான், அதனால் இரண்டு சேனலின் மைனஸையும் அங்கே சேர்த்துக் கட்டினால் ஆம்ப் காலி. டிவியை மோனோவாகக் கேட்டால் யாருக்கும் நஷ்டமில்லை: டிஏசியின் இரண்டு சேனலையும் சேனலுக்கொரு ரெசிஸ்டர் வழியாக ஒன்றாக்கி, ஆம்பின் ஒரே ஒரு சேனலைப் பயன்படுத்துங்கள். ஒலி அளவுக்கு, வயரிலேயே வால்யூம் குமிழ் உள்ள ஹெட்போன் வாங்கினால் வேலை முடிந்தது.

மருத்துவக்கருவி ஆள்:
மேலே சொன்ன சர்க்யூட் சரிதான், ஆனால் இது வீட்டு ஹால் இல்லை. நோயாளியைச் சுற்றி 1.5 மீட்டருக்குள் வருகிற எந்த மின்கருவிக்கும் ஐஇசி 60601 (மருத்துவ மின்கருவிகளின் பாதுகாப்புத் தரம்) வகை விதிகள் பேசும், ஹெட்போனோ காதிலேயே உட்காருகிறது. இதயத்தோடு நேரடியாக இணைகிற கருவிகளில் சாதாரண நிலையில் அனுமதிக்கப்படும் மின்கசிவு 10 மைக்ரோஆம்பியர்தான். ஆகவே ஆம்புக்கு மருத்துவத் தரப் பவர் சப்ளை, படுக்கைக்குப் போகும் லைனில் ஐசோலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் (நேரடி மின் இணைப்பில்லாமல் ஒலியை மட்டும் கடத்துவது), இரண்டும் வேண்டும். ஆப்டிகல் என்பதால் டிவியிலிருந்து மின் இணைப்பே இல்லை, ஹம் வராது, அது போனஸ். ஆனால் உங்கள் பயோமெடிக்கல் பிரிவு பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு ஜாக்கையும் மாட்டாதீர்கள்.

சுவிட்ச்போர்டு:
சரி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் வயரைத் தொடுவேன். புளூடூத் பற்றி யாரும் சொல்லவில்லையே? அப்புறம், காது மெஷின் போட்டவர்கள் என்ன செய்வார்கள்?

ஓம்விதி:
சாதாரண புளூடூத்தில் டிவி ஒன்றிரண்டு ஹெட்போனோடு நின்றுவிடும், ஒலியும் உதட்டசைவுக்குப் பின்தங்கும். 2022-இல் அறிவித்த ஆராகாஸ்ட் முறையில் ஒரே டிவியிலிருந்து எத்தனை பேரும் கேட்கலாம், ஆனால் டிவியும் ஹெட்போனும் இரண்டுமே அதை ஆதரிக்க வேண்டும். இன்ஃப்ராரெட் ஹெட்போன் பரவாயில்லை, அறையைத் தாண்டாது, ஒரே டிரான்ஸ்மிட்டர் எல்லோருக்கும் போதும். சார்ஜ் போடுவது யார் என்பதை மட்டும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் நர்ஸ் தலையில்தான் விழும்.

வார்டு_நர்ஸ்:
காது மெஷினில் டெலிகாயில் (காந்தப்புலம் வழியாக ஒலியை வாங்கும் சுருள்) இருந்தால், கழுத்தில் மாட்டும் நெக் லூப்பை அதே ஜாக்கில் செருகி மெஷினை டி-யில் வைக்கலாம். ஹெட்போனைவிட அவர்களுக்கு இதுதான் தெளிவாகக் கேட்கும்.

ஜாக்கைக் கட்டிலில் பொருத்த வேண்டாம், சுவரில் வையுங்கள். ஸ்கேனுக்குக் கட்டிலைத் தள்ளும்போது வயரை யார் கழற்றுகிறார்கள்? பிய்த்துக்கொண்டு வரும். வயர் குட்டையாக இருக்கட்டும், குழப்பத்தில் இருக்கும் நோயாளிகளுக்குக் கொடுக்கவே வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்வார்கள். பஞ்சு உறை போட்ட ஹெட்போனைத் துடைத்துச் சுத்தம் செய்ய முடியாது, வழவழப்பான உறை உள்ளதாகவோ ஆளுக்கொன்று தந்து தூக்கிப் போடுகிற மலிவு இயர்போனாகவோ பாருங்கள்.