பெரிய போர் கிட் போட்ட ஏ.டி.வி.கள்: மதுரைப் பக்கத்து அனுபவங்கள்

மேலூர்க்காரன்
கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் யமஹாவின் நான்கு சக்கர ஏ.டி.வி. ராப்டர் 700-இல், சிலிண்டரின் உள்விட்டத்தை (அதுதான் ‘போர்’) அகலப்படுத்தி, 102 மி.மீ. பிஸ்டனை எடுத்துவிட்டு 105.5 மி.மீ. பிஸ்டன் கிட் போட்டால் 686 சி.சி. 734 ஆகிவிடும் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரிந்ததே. என் மைத்துனரின் வண்டிக்கும் அதைத்தான் போட்டோம். கத்திரி வெயிலில், கைவிடப்பட்ட கிரானைட் குவாரி ஒன்றின் கழிவுக்கல் மேட்டில் ஏறி இறங்கி, சமதளத்தில் அவர் வேகமெடுத்தபோது, பின்சக்கரங்கள் இரண்டும் அப்படியே பூட்டிக்கொண்டன. செம்மண்ணில் இரண்டு நீளக் கோடுகளை இழுத்துவிட்டு வண்டி நின்றது. அதற்கு முந்தைய நொடிவரை எஞ்சினில் ஒரு தட்டலும் கேட்கவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் ஸ்கர்ட்டின் (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவர்) நான்கு மூலைகளிலும் உரசல். பட்டறையார் கிட் மட்டம் என்றார், விற்றவர் பட்டறையைக் குறை சொன்னார். போர் செய்த அளவை எழுதிய தாள் கேட்டேன், இருவரிடமும் இல்லை.

தென்னந்தோப்பு, வாடிப்பட்டி
அண்ணே, நான்கு மூலையிலும் உரசல் என்றால் கிட்டைத் திட்டிப் பயனில்லை. பிஸ்டன் சூடேறி விரிய, அதற்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இடைவெளி போதவில்லை, அல்லது எஞ்சின் சூடாகும் முன்பே உங்கள் மைத்துனர் த்ராட்டிலை முழுக்க அழுத்தியிருக்கிறார். எங்கள் தோப்பில் தேங்காய் இழுக்கும் 250 சி.சி. சீன வண்டிக்குக் கப்பலூரில் போர் ஏற்றினோம். முதல் கியரில் திணறிய கால்வாய்க்கரை ஏற்றத்தில் அது இரண்டாம் கியரில் ஏறியதைக் கண்டதும், என் தந்தை இன்னும் இரண்டு மூட்டை ஏற்றச் சொன்னார். அதன் சிலிண்டருக்குள் இருப்பது இரும்பு லைனர் (உள்ளுறை), எந்த லேத்திலும் போர் செய்யலாம். ராப்டரின் சிலிண்டரில் இருப்பதோ செராமிக் கலந்த பூச்சு. அதைக் குடைந்தால் மறுபடியும் பூச்சு ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் இரும்பு உள்ளுறை (ஸ்லீவ்) இறக்க வேண்டும். அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டன் வார்ப்புப் பிஸ்டனைவிட அதிகம் விரியும் என்பதால், வாங்கிய பிஸ்டனையே கையில் வைத்து அளந்து, அதற்கேற்பச் சிலிண்டர் சுவரை நுணுக்கமாகத் தேய்த்து ஹோனிங் செய்வதுதான் முறை. பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலான வாய் இடைவெளி இந்த அளவுக்குச் சுமார் 0.4 மி.மீ.யாவது வேண்டும். கார்புரேட்டர் வண்டிக்காரர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: எத்தனால் எரியப் பெட்ரோலைவிடக் குறைவான காற்றே போதும் என்பதால், 20 விழுக்காடு எத்தனால் கலந்த எரிபொருளில் பழைய ஜெட்டையே (எரிபொருள் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளை) விட்டால், காற்று மிகுந்து கலவை மெலிந்து சூடு ஏறும்.

நத்தம் சாலை
வாடிப்பட்டி நண்பர் யாரும் கேட்காத பாடத்தை நடத்திவிட்டார். இடைவெளி சரியாக இருந்தும் என் நண்பரின் 734 காலை வாரியது. கலவையை அதிகம் அழுத்தும் கூடுதல் கம்ப்ரஷன் பிஸ்டன் அது. சிறுமலை அடிவாரத்துத் தோட்டத்தில் சூடான வண்டியை நிறுத்திவிட்டு மீண்டும் பொத்தானை அழுத்தியபோது, ‘டக்’கென்று ஒரு சத்தம், பிறகு ஸ்டார்ட்டர் மட்டும் வெறுமனே சுழன்றது. ஸ்டார்ட்டரின் சுழற்சியை எஞ்சினுக்குக் கடத்தும் ஒருவழி கிளட்ச் போய்விட்டது. டிராக்டரில் கட்டித்தான் இழுத்து வந்தோம். போரில் 3.5 மி.மீ. கூடினால் கொள்ளளவு கூடுவது 7 விழுக்காடுதான். முன் ஸ்ப்ராக்கெட்டில் (சங்கிலியை இழுக்கும் பற்சக்கரம்) ஒரு பல் குறைத்தால் ஏற்றத்தில் ஏறக்குறைய அதே இழுவை கிடைக்கும், உச்ச வேகம் கொஞ்சம் குறையும். மதுரையைச் சுற்றி அந்த உச்ச வேகத்தை எங்கே ஓட்டப்போகிறோம்?

மேலூர்க்காரன்
மைத்துனர் புதிய சிலிண்டர் வாங்கி 102-க்கே திரும்பிவிட்டார். பழைய சிலிண்டர் பட்டறையில்தான் கிடக்கிறது. வாடிப்பட்டித் தம்பியிடம் உள்விட்டம் அளக்கும் போர் கேஜ் இருந்தால், உரசாத அடிப்பகுதியில் ஒருமுறை அளந்து சொல்லட்டும்.