புதுப்பிப்பு: ஜூலியின் சர்க்கரையும் சாப்பாடும்

எங்கள் லாப்ரடார் ஜூலிக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும், என்ன சாப்பாடு போடுவது என்று இங்கே கேட்டிருந்தேன். சோற்றை நிறுத்திவிட்டு வெறும் கறி போடச் சொன்னவர்கள்தான் அதிகம். டாக்டர் அது வேண்டாம் என்றுவிட்டார். நாய்களுக்கு வருவது பெரும்பாலும் இன்சுலின் போதிய அளவு சுரக்காத வகை. சாப்பாட்டை மட்டும் மாற்றிச் சமாளிக்க முடியாது, ஊசி கட்டாயம். கொழுப்பு கூடினால் கணைய அழற்சி வரும் அபாயம் வேறு.

இப்போது காலை 7 மணி, மாலை 7 மணி. இரண்டு வேளையும் ஒரே அளவு, தராசில் நிறுத்துப் போடுகிறோம்: டாக்டர் எழுதிக்கொடுத்த நார்ச்சத்து அதிகமுள்ள உணவு, மேலே தோல் நீக்கி வேகவைத்த கோழி கொஞ்சம். தட்டு காலியான பிறகே ஊசி. சாப்பிட மறுத்தால் வழக்கமான டோஸைப் போட்டுவிடாமல் முதலில் டாக்டருக்கு போன். எந்த உணவு என்பதைவிட இந்த ஒழுங்குதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

கஷ்டமே அப்பாவின் காபி நேரம்தான். அவர் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு மேரி பிஸ்கட்டையே பார்ப்பாள். இப்போது அதற்குப் பதில் அவித்த பீன்ஸ். நல்லவேளை, ஆசையாகத் தின்கிறாள். சர்க்கரை இல்லாத பிஸ்கட் வாங்கச் சொன்னவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்: அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் நாய்க்கு விஷம்.

தண்ணீர் குடிப்பது குறைந்திருக்கிறது, எடையும் மெல்ல ஏறுகிறது. அடுத்து கருத்தடை ஆபரேஷன். ஹீட்டுக்கு (பெண் நாயின் இணை சேரும் பருவம்) பிறகு சுரக்கும் ஹார்மோன் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாதாம். தேதி குறித்தாயிற்று.