பக்கத்து வீட்டுப் பூனை பண்ற சேதத்துக்குக் காசு யார் கொடுக்கணும்?

மதில்சுவர்:
விஷயம் இதுதான். பூனையை வெளிய விட்டு வளர்க்கிறாங்க. அது பக்கத்து வீட்டு கார் பானட்டில் ஏறித் தூங்குது, வாசல் கதவில் மூத்திரம் பீச்சுது, பாத்தியைத் தோண்டிப் பேண்டு மூடிவெச்சிட்டுப் போகுது. கார்க்காரர் பானட் முழுக்க மறுபடி பெயின்ட் அடிச்சுக் கொடுன்னு கேட்கிறார். பூனை வீட்டுக்காரர் "பூனையை என்ன கயித்துலயா கட்டிப்போட முடியும்?"னு கையை விரிக்கிறார். வளர்க்கிறவர்தான் முழுசாக் கொடுக்கணும்ங்கிறது என் கட்சி. நாய்க்கு ஒரு நியாயம், பூனைக்கு ஒரு நியாயமா? எதிர்த்துப் பேசுறவங்க வாங்க. "வாயில்லா ஜீவன் பாவம்"ங்கிற வசனம் மட்டும் வேண்டாம்.

பட்டறைப்புலி:
காசு யாருதுன்னு பேசறதுக்கு முன்னாடி அது பூனைக் கீறல்தானான்னு பாருங்க. பட்டறைக்கு "பூனை கீறிடுச்சு"ன்னு வர்ற பானட்ல நிறைய பூனை போட்டதே இல்லை.

பூனை சமதளத்துல நடக்கும்போது நகத்தை உள்ள இழுத்து வெச்சிருக்கும். பானட் மேல ஏறிப் படுத்தா மண்ணோட பாதத்தடம் விழும், அவ்வளவுதான். நகம் வெளிய வர்றது சறுக்கும்போது. அதனால உண்மையான பூனைக் கீறலைச் சரிவான இடத்துல தேடணும்: கண்ணாடிக்குக் கீழ் ஓரம், ஃபென்டர் (முன்சக்கரத்துக்கு மேல இருக்கிற தகடு) வளைவு, பானட்டோட முன் உதடு. ரெண்டு மூணு கோடு பக்கத்துப் பக்கத்துல, குட்டையா, ஒரே திசையில, மேலிருந்து கீழ.

பானட் நடுவுல வட்ட வட்டமாவோ, கை வீச்சு நீளத்துக்கோ கோடு இருந்தா அது துணி போட்டது. காலையில பாதத்தடத்தைப் பார்த்த கடுப்புல காய்ஞ்ச துணியால ஒரே இழுப்பு. தடத்துல ஒட்டியிருக்கிற மணல் பெயின்ட்டை அறுத்துடுது. பூனை வெச்சது தடம், ஓனர் வெச்சது கீறல்.

பார்க்கிற முறை: முதல்ல தண்ணி ஊத்தி மண்ணைக் கரைச்சு விடுங்க, தேய்க்காதீங்க. காய்ஞ்சதும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர்ல நனைச்சு மெதுவாத் துடைங்க. மெழுகு, எண்ணெய்ப் பூச்சு எல்லாம் போய் உண்மையான மேற்பரப்பு தெரியும். டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க. உங்க விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே இழுத்தா மாட்டுதா? மாட்டலைன்னா கீறல் மேல இருக்கிற நிறமில்லாத பூச்சு, அதாவது கிளியர் கோட்லயே நின்னுடுச்சு. கம்பெனி பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்த்து சுமார் 100 முதல் 150 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). அதுல கிளியர் கோட் 40, 50 மைக்ரான். ஒரு தடவை பாலிஷ் போட்டா அதுல ரெண்டு மூணு மைக்ரான் போகும். இந்தக் கீறலுக்கு பாலிஷ் போதும், பெயின்ட் தேவையே இல்லை. நகம் மாட்டினா, வெள்ளையாவோ சாம்பலாவோ அடி பிரைமர் தெரிஞ்சா, அப்பதான் அந்தப் பேனலுக்கு பெயின்ட்.

மதில்சுவர்:
கீறல் பாடம் நல்லா இருக்கு புலி அண்ணே. ஆனா ஃபென்டர்ல நீங்க சொன்ன மாதிரியே மூணு கோடு, நகம் மாட்டுது, பிரைமர் தெரியுது. இப்ப?

பட்டறைப்புலி:
இப்ப ஃபென்டருக்குக் கேளுங்க. பானட்டைச் சேர்த்துக் கேட்காதீங்க. மெட்டாலிக் நிறமா இருந்தா பக்கத்துப் பேனல்ல கொஞ்சம் தூரத்துக்கு நிறத்தை மங்கவிட்டு ஒட்டவைக்கணும், இல்லைன்னா வெயில்ல திட்டுத் தெரியும். அந்த வேலையும் பில்லுல நியாயமா வரும். இருந்த பழைய கீறலையெல்லாம் சேர்த்து, பூனை பேர்ல முழு வண்டியையும் புதுசாக்கிக்கிறதுதான் தப்பு.

சட்டப்பை:
"வளர்ப்பவரே பொறுப்பு" என்பது எங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம் போல மதில்சுவர் எழுதுகிறார். அப்படி இல்லை. இங்கிலாந்தில் 1926இல் பக்கிள் எதிர் ஹோம்ஸ் என்று ஒரு வழக்கு. ஒருவருடைய பூனை பக்கத்து வீட்டில் நுழைந்து பதின்மூன்று புறாக்களையும் இரண்டு பான்டம் (குட்டை ரக) கோழிகளையும் கொன்றுவிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் பூனை உரிமையாளர் பொறுப்பல்ல என்றது. பூனை அதன் இயல்புப்படி அலைந்தது, இயல்புப்படி வேட்டையாடியது, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்ற பார்வை.

பிரான்ஸில் நேர் எதிர். சிவில் சட்டத்தின் 1243ஆம் பிரிவு (2016க்கு முன் இதுவே 1385) விலங்கு உரிமையாளரின் காவலில் இருந்தாலும், வழிதவறிப் போயிருந்தாலும், தப்பி ஓடியிருந்தாலும் சேதத்துக்கு அவரே பொறுப்பு என்கிறது. ஜெர்மன் சிவில் சட்டத்தின் 833ஆம் பிரிவும் அதே பக்கம்தான். பிழைப்புக்காக அன்றி ஆசைக்கு வளர்க்கும் விலங்கு என்றால், வளர்ப்பவர் மீது தவறே இல்லாவிட்டாலும் பொறுப்பு உண்டு.

ஆக, எந்த ஊர்ச் சட்டம் என்று பார்க்காமல் "கொடுத்தே ஆகணும்" என்று நோட்டீஸ் அனுப்பினால் தபால் செலவுதான் மிச்சம்.

மதில்சுவர்:
உங்க உதாரணத்துலயே ரெண்டு நாடு என் பக்கம், ஒண்ணுதான் உங்க பக்கம். புறாவைத் தின்ன பூனைக்கு வக்காலத்து வாங்கின தீர்ப்பை வெச்சு ஃபென்டரை மூட முடியாது.

சட்டப்பை:
நான் பூனைக்கு வக்காலத்து வாங்கவில்லை. பொறுப்பு உண்டு என்று சொல்லும் நாடுகளிலும் மூன்று விஷயங்களைக் கேட்பவர்தான் நிரூபிக்க வேண்டும்: சேதம் நடந்தது, அந்தப் பூனையால் நடந்தது, அந்தப் பூனை இவருடையது. முதலாவதைப் புலி சொல்லிவிட்டார். மற்ற இரண்டும் உங்களிடம் இருக்கிறதா? அதோடு ஈடு என்பது சேதத்துக்கு முந்தைய நிலைக்குக் கொண்டுவருவதற்குத்தான். பத்து வருட வண்டியைப் புதுவண்டி ஆக்குவதற்கு இல்லை.

வால்நீளம்:
அந்த மூணாவது விஷயத்துலதான் பாதிப் பேர் விழறாங்க. "பழுப்புப் பூனை, அவங்க வீட்டுது." தெருவுல பழுப்புப் பூனை எத்தனை இருக்கும்? அதுல காயடிக்காத கடுவன் ஒண்ணு போதும், எல்லார் வீட்டு வாசலையும் நாறடிக்க.

கேமரா வைக்கணும்னா தரையிலிருந்து ஒரு அடி, ஒன்றரை அடி உயரத்துல வைங்க. எல்லாரும் ஆள் உயரத்துல வெச்சு முதுகை மட்டும் படம் பிடிக்கிறாங்க. இரவுல இன்ஃப்ராரெட் வெளிச்சத்துல நிறம் தெரியாது, பழுப்பும் சாம்பலும் ஒரே மாதிரி இருக்கும். கோடு, காது வெட்டு, வால் நுனி, காலர் இதை வெச்சுத்தான் அடையாளம். காதோட நுனி நேரா வெட்டியிருந்தா அது பிடிச்சு கருத்தடை பண்ணி விட்ட தெருப்பூனையா இருக்க வாய்ப்பு அதிகம். கேமரா உங்க இடத்தை மட்டும் பார்க்கணும். அவங்க ஜன்னலைப் பார்த்தா பூனைச் சண்டை வேற சண்டையா மாறிடும்.

யாருதுன்னே தெரியலையா? மெல்லிசான காகிதப் பட்டையில "இது உங்க பூனையா? இந்த எண்ணுக்குச் சொல்லுங்க"ன்னு எழுதி, கழுத்துல ரெண்டு விரல் நுழையற தளர்வுல ஒட்டி விடுங்க. எங்காவது மாட்டினா காகிதம் கிழிஞ்சுடும், கழுத்து இறுகாது. தோலுக்கடியில வைக்கிற அடையாளச் சிப் இருக்கேன்னு யாராவது சொன்னா: அது 15 இலக்க எண் மட்டும்தான். ரீடரைக் கிட்ட கொண்டுபோனாத்தான் படிக்கும். பூனை எங்க சுத்துதுன்னு அது சொல்லாது.

மதில்சுவர்:
சரி, கேமராவுல அவங்க பூனைதான் வருது, கதவுல பீச்சறதும் தெளிவா விழுந்திருக்கு. இதுக்கும் "இயல்பு"ன்னு சொல்வீங்களா?

வால்நீளம்:
இயல்புதான், ஆனா தடுக்கக்கூடிய இயல்பு. இந்த இடத்துல நான் உங்க கட்சி.

பீச்சறதும் மூத்திரம் போறதும் வேற வேற. பின்பக்கத்தைச் சுவருக்குக் காட்டி நின்னபடி, வால் நடுங்க, கொஞ்சமா அடிச்சா அது எல்லைக் குறி. உட்கார்ந்து தரையில குளம் கட்டினா அது கழிப்பறைப் பிரச்சினை. முதலாவதுக்கு மருந்து காயடிப்பு. ஆண் பூனைகள்ல பத்துல ஒன்பதுக்கு நின்னுடும் இல்ல நல்லாக் குறையும். அன்னைக்கே நிக்காது, சில வாரம் ஆகும். நல்லா இருந்த பூனை திடீர்னு கண்ட இடத்துல போக ஆரம்பிச்சா டாக்டர்கிட்ட காட்டணும். கடுவன் முக்கி முக்கி ஒரு சொட்டும் வரலைன்னா நாள் தள்ளக் கூடாது, மூத்திரக்குழாய் அடைப்பு உயிரை வாங்கிடும்.

ரெண்டாவதுக்கு வீட்டுக்குள்ள மண்தட்டு. பூனை எண்ணிக்கையோட ஒண்ணு கூட்டிக்கோங்க. தட்டு நீளம் பூனை நீளத்துல ஒன்றரை மடங்கு. தினம் ரெண்டு தடவை அள்ளணும். இதைச் செய்யாத வீட்டுப் பூனைக்குப் பக்கத்து வீட்டுப் பாத்திதான் சுத்தமான கழிப்பறை.

பட்டறைப்புலி:
கதவைக் கழுவுறதுலயும் கூத்து நடக்குது. பினாயில் ஊத்துவாங்க, மேல பிளீச்சிங் ஊத்துவாங்க. மூத்திரத்துல இருந்து அமோனியா வரும். அதுல பிளீச்சிங் பட்டா குளோரமின் வாயு, மூச்சுக் குழாயை எரிக்கும்.

வால்நீளம்:
பினாயில் வகையறாவே பூனைக்கு விஷம். அந்தப் பொருளை உடைச்சு வெளியேத்தற சக்தி பூனையோட ஈரலுக்குக் குறைவு. பாதத்துல பட்டதை நக்கியே உள்ள போயிடும். அதே மாதிரி அந்துருண்டை, வாசனை எண்ணெய், பெர்மெத்ரின் பூச்சிமருந்துத் தெளிப்பு எதுவும் வேண்டாம். "விரட்டத்தான் போட்டேன்"னு சொன்னாலும் பூனை செத்தா பேச்சு வேற இடத்துக்குப் போயிடும்.

கழுவினாலும் நாத்தம் திரும்பித் திரும்பி வர்றதுக்குக் காரணம் இருக்கு. பூனை மூத்திரத்துல ஃபெலினைன்னு ஒரு பொருள் உண்டு, காயடிக்காத கடுவன்கிட்ட ரொம்ப அதிகம். அதுக்கு வாசனையே கிடையாது. நாள் ஆக ஆக உடைஞ்சு கந்தகம் கலந்த பொருளா மாறும்போதுதான் மூக்கைப் பிடிக்கும். இன்னைக்கு கழுவி, "போயிடுச்சு"ன்னு நினைச்சது ரெண்டு நாள் கழிச்சு எழுந்து வரும். என்சைம் உள்ள துணி சோப்புத்தூள் ஒரு பங்கு, தண்ணி ஒன்பது பங்கு. அதைப் பூசி பத்து நிமிஷம் ஈரமா வெச்சிருந்து, பச்சைத் தண்ணியில அலசி, முழுசாக் காயவிட்டு, பிறகு ஸ்பிரிட்டால லேசாத் துடைக்கணும். வார்னிஷ் கதவா இருந்தா மூலையில சோதிச்சுப் பார்த்துட்டு. கறை எதுவரைன்னு தெரியலைன்னா இருட்டுல அல்ட்ரா வயலட் டார்ச் அடிங்க. மஞ்சள் பச்சையா மின்னும். சோப்புத் தடமும் மின்னும், அதனால மோந்து பார்த்து முடிவு பண்ணுங்க.

மண்வெட்டி:
பாத்தியைப் பத்தி யாரும் பேசலை. இதுல காசு கேட்கிறதைவிட வலை போடறது மேல். விதைச்ச மண்ணுக்கு மேல கோழிவலையைப் படுக்கையா விரிச்சு, விரல் கனத்துக்கு மண் தூவிடுங்க. ஓட்டை ஒரு அங்குலத்திலிருந்து ரெண்டு அங்குலம். செடி ஓட்டை வழியா வந்துடும், பூனையால தோண்ட முடியாது. ஓரத்தை மடிச்சு ஆணி கம்பியால குத்தி நிறுத்தணும், விட்டா கம்பி முனை நம்ம கையைக் கிழிக்கும். வலை இல்லைன்னா சுள்ளியை ஒரு சாண் இடைவெளியில நட்டுவைங்க. பூனைக்குத் திரும்பி உட்கார இடம் இருக்கக் கூடாது, அதுதான் கணக்கு. காய்ஞ்ச பொலபொல மண்தான் அதுக்குப் பிடிக்கும், நனைச்சு வெச்சா பாதி வராது. மிளகாய்த்தூள் தூவாதீங்க. மழையில ஒரே நாள்ல போயிடும், பூனை கண்ணுல பட்டா சித்திரவதை. அசைவைக் கண்டா தண்ணி அடிக்கிற சென்சார் தெளிப்பான் நல்லா வேலை செய்யும். கீச்சுன்னு சத்தம் போடற கருவி சில பூனைக்கு மட்டும்தான்.

கீரைப் பாத்தியில பூனைப்பீ கிடந்தா கையுறை போட்டு அன்னைக்கே எடுத்துடணும். அதுல இருக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மாங்கிற ஒட்டுண்ணியோட முட்டை வெளிய வந்து ஒரு நாள்லேர்ந்து அஞ்சு நாள் ஆனாத்தான் தொத்தும் நிலைக்கு வரும். விட்டுட்டா மண்ணுல மாசக்கணக்குல உயிரோட கிடக்கும். மாசமா இருக்கிறவங்க இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

மதில்சுவர்:
பார்த்தீங்களா, வலை நான் வாங்கணும், தெளிப்பான் நான் வாங்கணும், வண்டிக்கு கவரும் நான் வாங்கணும். பூனை அவங்களது. இந்தச் செலவை யார் தர்றது?

சட்டப்பை:
சேதம் கூடாமல் பார்த்துக்கொள்வது பல நாட்டுச் சட்டங்களில் பாதிக்கப்பட்டவரின் கடமையும்தான். அதற்கு ஆன நியாயமான செலவையும் ஈட்டில் கேட்கலாம். ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தேதி போட்ட புகைப்படம், கேமரா பதிவு, பட்டறையில் எழுதி வாங்கிய மதிப்பீடு இரண்டு. இத்தனையும் இருந்தால் எழுத்தில் கேளுங்கள்.

வால்நீளம்:
கவரைவிட மலிவான வழி அவங்க கையிலயே இருக்கு. சாயங்காலம் சாப்பாடு வெச்சு உள்ள பூட்டினா, வெளிய திரியற நேரம் பாதியாகும். முற்றம் இருந்தா ஆறடி வேலி, மேல ஒன்றரை அடி வலையை 45 டிகிரி உள்பக்கமாச் சாய்ச்சுக் கட்டினா பெரும்பாலான பூனை தாண்டாது. அந்தச் செலவைப் பூனை வீட்டுக்காரர்தான் ஏத்துக்கணும், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சில்லை. ஆனா சோறு மட்டும் வைக்கிற தெருப்பூனைக்கு அவரைப் பிடிக்காதீங்க.

மதில்சுவர்:
அதெப்படி? தினம் சோறு வெச்சு, பேர் வெச்சு, டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போறவங்க, சேதம்னு வந்ததும் "தெருப்பூனை"ங்கிறாங்க. கொஞ்சறப்போ செல்லம், பில்லு வந்தா தெருவா?

வால்நீளம்:
டாக்டர் வரைக்கும் போயிட்டா அது வளர்ப்புதான், ஒத்துக்கிறேன். வாசல்ல ஒரு கிண்ணம் வெச்சாலே ஓனர்னு சொன்னா, நாளைக்கு யாரும் பிடிச்சுக் கருத்தடை பண்ண முன்வர மாட்டாங்க. அப்புறம் ஒரு கடுவனுக்குப் பதிலா ஆறு வந்து உங்க கதவுல நிக்கும்.

மதில்சுவர்:
ஃபென்டர், கதவு கழுவின செலவு, வலை இது மூணும் கேட்பேன். பானட்டை விட்டுட்டேன். கவர் போடலாமா புலி அண்ணே?

பட்டறைப்புலி:
உள்பக்கம் மெத்துன்னு இருக்கிற கவரா, வண்டிக்கு அளவானதா வாங்குங்க. தொளதொளன்னு இருந்தா காத்துல ஆடி ஆடியே தேய்ச்சுடும். தூசியோட இருக்கிற வண்டி மேல போர்த்தாதீங்க, முதல்ல கழுவுங்க. இல்லைன்னா அந்தக் கீறலையும் பூனை கணக்குல எழுதிடுவீங்க.