ஆவணப் பக்கத்தில் ஒரு ஃபங்ஷன் மட்டும் வரவில்லை: அவசரம்

அரைத்தூக்கம்:
வணக்கம். எங்கள் கிராபிக்ஸ் டிரைவர் லினக்ஸ் கெர்னலில் சாதனத்தைப் பதிவு செய்யும் முறையை ஆவணப்படுத்தும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பதிவு செய்யும் ஃபங்ஷனுக்கு மேல் விளக்கம் எழுதி, ஆவணப் பக்கங்களை உருவாக்கும் 'மேக் எச்டிஎம்எல்டாக்ஸ்' கொடுத்தேன். பிழை எதுவும் காட்டவில்லை. ஆனால் பக்கத்தில் அந்த ஃபங்ஷனைக் காணோம். மற்ற எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. நாளை காலை காட்டியாக வேண்டும்.

கேள்விக்குறி:
விளக்கம் சி கோப்பில் இருக்கிறதா, ஹெடர் கோப்பில் இருக்கிறதா? ஆவணப் பக்கத்தின் மூலமான ஆர்எஸ்டி கோப்பில் அதை இழுக்கும் வரி என்ன? "எல்லாம் சரி" என்று சொல்லிவிட்டால் நாங்கள் எதைப் பார்ப்பது?

இரட்டைநட்சத்திரம்:
பார்க்கவே வேண்டாம். விளக்கத்தின் தொடக்கத்தில் சாய்கோட்டுக்குப் பின் ஒரு நட்சத்திரம்தான் போட்டிருப்பீர்கள். இரண்டு வேண்டும். பத்துக்கு ஒன்பது பேர் இங்கேதான் விழுகிறார்கள்.

பழையகோப்பு:
எனக்கென்னவோ முன்பு உருவான பக்கத்தையே திறந்து பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது. 'மேக் கிளீன்டாக்ஸ்' கொடுத்துவிட்டு மறுபடி உருவாக்குங்கள்.

அரைத்தூக்கம்:
நட்சத்திரம் இரண்டுதான். கிளீன்டாக்ஸும் கொடுத்தாயிற்று. சி கோப்பில்தான் இருக்கிறது. அதே கோப்பின் வேறு ஃபங்ஷன்கள் பக்கத்தில் வருகின்றன. ஆர்எஸ்டியில், நிரலிலுள்ள விளக்கங்களை இழுக்கும் கெர்னல்-டாக் வரி, அதன் கீழ் ':எக்ஸ்போர்ட்:'. என் விளக்கம் (டிஆர்எம் என்பது கெர்னலின் கிராபிக்ஸ் பகுதி; டிஆர்எம்_டெவ்_ரெஜிஸ்டர் அதில் சாதனத்தைப் பதிவு செய்யும் ஃபங்ஷன்): "முதலில் டிஆர்எம்_டெவ்_ரெஜிஸ்டர் அழைக்கப்பட்டு /டெவ்/டிஆர்ஐ/கார்டு0 என்ற சாதனக் கோப்பு உருவாகும். பிறகு திரை முறைகளும் குறுக்கீடுகளும் தயாராகும்."

மூலநூலார்:
கெர்னல்-டாக் வழிகாட்டியில் இதற்கான பதில் வெளிப்படையாக இருக்கிறது. ஆவணம் எழுத வருகிறவர் ஆவணம் படிக்க மாட்டேன் என்றால் எப்படி? இங்கே வாரம் தவறாமல் இதே கேள்வி வருகிறது.

கேள்விக்குறி:
பதில் தெரிந்தால் ஒரு வரியில் சொல்லிவிடலாமே ஐயா. அரைத்தூக்கம், அந்த ஃபங்ஷன் 'எக்ஸ்போர்ட்_சிம்பல்' மூலம் வெளியே தரப்பட்டிருக்கிறதா?

அரைத்தூக்கம்:
இல்லை. சாதனம் கிடைத்ததும் டிரைவரில் ஓடும் புரோப் மட்டும்தான் அதை அழைக்கிறது. ஸ்டாட்டிக், அந்தக் கோப்புக்குள் மட்டும் தெரிவது.

கேள்விக்குறி:
அப்படியானால் அதுதான் காரணம். ':எக்ஸ்போர்ட்:' என்றால் வெளியே தரப்பட்ட ஃபங்ஷன்களின் விளக்கம் மட்டுமே வரும். மற்றவற்றுக்கு அதே கோப்புக்கு இன்னொரு கெர்னல்-டாக் வரி எழுதி ':இன்டர்னல்:' கொடுங்கள். இந்த ஒன்று மட்டும் போதும் என்றால் ':ஐடென்டிஃபையர்ஸ்:' போட்டுப் பெயரைக் குறிப்பிடலாம்.

கடைசிவரி:
பக்கத்தில் வருவது இருக்கட்டும், வரப்போகும் விளக்கத்தை யாரும் படிக்கவில்லையா? பதிவுதான் கடைசிப் படி. டிஆர்எம்_டெவ்_ரெஜிஸ்டர் அழைத்த கணமே சாதனக் கோப்பு பயனர் பக்கத்துக்குத் தெரிந்துவிடும். சாதனங்கள் வருவதைக் கவனிக்கும் யூடெவ் எழுப்பிய ஏதோ ஒரு நிரல் அதைத் திறந்து திரை முறைகளைக் கேட்கும். அங்கே இன்னும் எதுவும் தயாராகியிருக்காது. வெற்றுச் சுட்டியில் கெர்னல் விழும். அதுவும் எப்போதாவதுதான் விழும் என்பதால் பிடிப்பதும் கடினம். நினைவகம் ஒதுக்குவது, வன்பொருளை எழுப்புவது, திரை முறைகளை அமைப்பது எல்லாம் முடிந்த பிறகே பதிவு. கழற்றும்போது பதிவை நீக்குவது முதலில்.

லோட்பக்தர்:
இது மிகை. எங்கள் டிரைவர் டிரைவரைத் தயார்செய்ய கெர்னல் அழைக்கும் 'லோட்' கால்பேக்கை வைத்துத்தான் ஓடுகிறது. அதில் பதிவுக்குப் பிறகுதான் எல்லாம் தயாராகிறது. ஒருநாளும் விழுந்ததில்லை.

கடைசிவரி:
விழாதது உங்கள் அதிர்ஷ்டம். சாதனக் கோப்புகளைப் பதிவு செய்த பின்னரே 'லோட்' அழைக்கப்படுகிறது, அதனால் போட்டிநிலை (யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து விளைவு மாறுவது) உண்டாகிறது, ஆகவே அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று கெர்னலின் ஆவணமே சொல்கிறது. பழைய டிரைவர்கள் உடையக் கூடாதே என்றுதான் அதை விட்டுவைத்திருக்கிறார்கள்.

மூலநூலார்:
கார்டு0 என்று எழுதியிருப்பதும் தவறு. துவக்கத்தில் திரையைக் காட்டும் பொது டிரைவரான சிம்பிள்டிஆர்எம் முந்திக்கொண்டு 0-ஐ எடுத்துவிட்டால் உங்கள் சாதனம் கார்டு1 ஆகும். எண்ணை ஆவணத்தில் எழுதுவது கற்றுக்குட்டி வேலை.

பழையகோப்பு:
எடுத்துக்காட்டாக எழுதினால் என்ன கெட்டுவிடும்? திரையைத் தொடாமல் வரைவதற்கான ரெண்டர் கோப்புகளின் எண் 128-இல் தொடங்குகிறது என்று எல்லோரும்தானே எழுதுகிறார்கள்.

மூலநூலார்:
128 என்பது வரம்பின் தொடக்கம். அது வேறு, இது வேறு. அதுவும் டிரைவர் தன் அம்சப் பட்டியலில் ரெண்டர் கொடியை உயர்த்தியிருந்தால்தான் அந்தக் கோப்பே உருவாகும். அதையும் இவர் எழுதியிருக்க மாட்டார்.

அரைத்தூக்கம்:
':இன்டர்னல்:' சேர்த்தேன், வந்துவிட்டது. அனைவருக்கும் நன்றி.

கடைசிவரி:
மகிழ்ச்சி. வரிசை என்ன ஆயிற்று? விளக்கம் மட்டும் அப்படியா, டிரைவரும் அப்படித்தான் அழைக்கிறதா? இரண்டாவது என்றால் ஆவணத்தை விட்டுவிட்டு முதலில் நிரலைத் திருத்துங்கள்.

லோட்பக்தர்:
அவர் போய்விட்டார் போலிருக்கிறது. நான் ஒன்று கேட்கிறேன். வேலையை லோடிலிருந்து புரோபுக்கு மாற்றினால், திரை இணையும் ஒவ்வொரு கனெக்டரையும் நாங்கள் கையால் பதிவு செய்கிறோமே, அது இன்னும் தேவையா?

கடைசிவரி:
தேவையில்லை. பதிவுக்கு முன் உருவாக்கிய கனெக்டர்கள் எல்லாவற்றையும் டிஆர்எம்_டெவ்_ரெஜிஸ்டரே பதிவு செய்துவிடும். ஒரே வடத்தில் பல திரைகளை இணைக்கும் டிஸ்பிளேபோர்ட் எம்எஸ்டி போலப் பிறகு முளைப்பவற்றுக்கு மட்டும் தனியாகச் செய்யுங்கள்.