ஹோவருக்குத் தமிழ்: மேற்சுட்டலா, சுட்டுநிலையா?

> "மிதத்தல்" பொருந்தாது. "மேற்சுட்டல்" என்று வைத்துக்கொள்ளலாம்.

வணக்கம் ஐயா,

இணையப் பக்கத்தில் ஓர் இணைப்பின் மேல் சுட்டியை அழுத்தாமல் கொண்டுவைப்பதுதான் ஹோவர் (hover). அதற்கு மிதத்தல் வேண்டாம் என்பதில் உடன்பாடு. ஆனால் மேற்சுட்டலும் கொழும்பில் சரிவராது. அலுவலகக் கடிதம் வாசித்துப் பழகியவருக்கு "மேற்சுட்டிய" என்றால் மேலே குறிப்பிட்ட என்றுதான் பொருள். கையேட்டில் "மேற்சுட்டு நிறம்" என்று எழுதினால், முந்திய பந்தியில் எந்த நிறத்தைச் சொன்னோம் என்று தேடுவார்.

என் தெரிவு "சுட்டுநிலை". பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சீஎஸ்எஸ் (CSS) மொழி இதைச் செயலாகப் பார்ப்பதில்லை. இணைப்பு அந்த நேரம் இருக்கும் நிலையாகவே பார்க்கிறது. நிலை என்று முடித்தால் மற்றவையும் கூடவே அமையும்: காணாநிலை (இன்னும் போகாத இணைப்பு), கண்டநிலை (போய்வந்தது), சுட்டுநிலை, அழுத்துநிலை (அழுத்தும் நேரம்). விதிகளையும் இதே ஒழுங்கில்தான் எழுத வேண்டும். நான்கு விதிகளுக்கும் முன்னுரிமை எடை சமம் என்பதால் பின்னால் வருவது முன்னதை மேவும். சுட்டுநிலையை முதலில் எழுதினால் நிறம் மாறவே மாறாது. காணாநிலைக்கும் கண்டநிலைக்கும் நடுவில் எழுதினால் இன்னும் மோசம்: போகாத இணைப்பில் மாறும், போய்வந்ததில் மாறாது. சோதிப்பவர் உலாவியைத்தான் திட்டுவார்.

சுட்டியின்றி விசைப்பலகையின் டாப் (Tab) விசையால் நகர்பவருக்குச் சுட்டுநிலை கிடைக்காது. அவருக்காக, விசையால் வந்து நிற்கும் இணைப்பைக் காட்டும் ஃபோகஸ்-விசிபிள் (focus-visible) விதியையும் சேர்த்து, அதே நிறத்தைக் கொடுங்கள்.

சுட்டுநிலையில் எழுத்தைத் தடிப்பாக்குவது மும்மொழித் தளங்களில் வேண்டாத வேலை. ஆங்கிலத்தில் ஒரே வரியில் அடங்கும் பட்டி, தமிழில் ஏற்கெனவே விளிம்பை முட்டிக்கொண்டு நிற்கும். தடித்ததும் சொல் அடுத்த வரிக்கு விழும், சுட்டிக்குக் கீழே இணைப்பு இல்லாமல் போகும், எழுத்து மெலியும், சொல் மேலே ஏறும், சுட்டி அசையும்போதெல்லாம் திரும்பவும் தடிக்கும். நிறமும் அடிக்கோடும் போதும். அடிக்கோட்டை எழுத்திலிருந்து தள்ளிவைக்கும் டெக்ஸ்ட்-அண்டர்லைன்-ஆஃப்செட் அளவை 0.2 ஈஎம் (எழுத்தளவில் ஐந்தில் ஒரு பங்கு) என்று வையுங்கள், இல்லாவிட்டால் கோடு மு, ழு, ஞு ஆகியவற்றின் அடியில் உரசும். சிறிய எழுத்துக்குப் பின்னணியோடு நிறமுரண் (ஒளி வேறுபாட்டு விகிதம்) 4.5:1 வேண்டும். வெள்ளையில் #777 சாம்பல் 4.48 தான், மயிரிழையில் தவறும்.

> கிளிக் செய்வதையே சிலர் "சுட்டவும்" என்கிறார்களே?

எழுதுகிறார்கள்தான், ஆனால் இங்கே "அழுத்தவும்" என்பதே பெருவழக்கு. அதனால்தான் ஆக்டிவ் என்பதற்கு அழுத்துநிலை என்றேன்.

தொடுதிரையில் இந்த இரண்டும் கலந்துவிடுவது உண்மை. விரல் பட்டதும் சுட்டுநிலை வரும். பல கைப்பேசிகளில் வேறிடத்தைத் தொடும்வரை அந்த நிறம் ஒட்டிக்கொண்டே நிற்கும். இதற்குச் சொல்லில் மருந்தில்லை. நிற விதியை @மீடியா (ஹோவர்: ஹோவர்) என்ற நிபந்தனைக்குள் அடைத்தால், சுட்டி உள்ள கருவிகளில் மட்டும் வேலை செய்யும். ஃபோகஸ் விதியை அதற்குள் போட்டுவிடாதீர்கள், அது வெளியே நிற்கட்டும்.

ஃபோகஸுக்கு "குவிநிலை" என்று எழுதிப் பார்த்தேன், கமெராதான் நினைவுக்கு வருகிறது. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.