நாற்சார் வீட்டை வைத்துப் பேய்க்கதை எழுதலாமா?

சங்கடப்படலை:
வணக்கம். கொஞ்சக் காலமாக ஒரு திகில் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை நடப்பது யாழ்ப்பாணத்து வலிகாமத்தில், நடுமுற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய, இப்போது பாழடைந்த ஒரு நாற்சார் வீட்டில். வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் காணி உறுதியோடு வளவை விற்க வருகிறாள். அந்த வீட்டிலேயே ஒரு மாதம் தங்க வேண்டி வருகிறது. வீடு அவளை விடவில்லை. 1764இல் ஹொரேஸ் வால்போல் ஒரு கோட்டையை வைத்துத் தொடங்கிய கோதிக் வகைதான் இது: இடிந்த மாளிகை, பூட்டிய அறை, பரம்பரை பரம்பரையாக மறைத்த குற்றம். ‘எங்கட வீடுகளை வைத்தோ இதை எழுதுகிறாய்?’ என்று வீட்டில் பெரிய சண்டை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வடலி:
எழுத வேண்டாம் அண்ணை. கோதிக் கதையில் வீடு உள்ளே இருப்பவர்களின் பாவத்தால்தான் விழும். எட்கர் ஆலன் போ 1839இல் எழுதிய கதையில், அஷர் குடும்பம் முடியும்போது வீடும் பிளந்து குளத்துக்குள் போய்விடுகிறது. எங்கள் வீடு அப்படியா விழுந்தது? 1990இல் போர் வந்து உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டோம். இராணுவம் காணியைத் திருப்பி விட்ட பிறகு போய்ப் பார்த்தால் ஓடும் இல்லை, பனை வளையும் இல்லை, கதவோடு நிலையையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். நடுமுற்றத்தில் ஆலமரம். காலால் சருகை ஒதுக்கினேன், சிவப்புச் சீமெந்து நிலம் அப்படியே மினுங்கியது. தேங்காய்ப் பொச்சால் அம்மா தேய்த்துத் தேய்த்து எடுத்த மினுக்கம். அம்மா அதிலேயே குந்திவிட்டார். அந்த இடத்தில் பேய் உலாவுகிறது என்று ஒருவர் கதை கட்டினால் எனக்கு நெஞ்சு கொதிக்கும். அது சாபம் பிடித்த வீடு இல்லை. பறித்த வீடு.

கிணற்றடி:
வடலி, அந்த நிலத்தைப் பற்றி வாசிக்கும்போது எனக்கும் கண் கலங்கியது. ஆனால் நாற்சார் வீட்டில் மறைத்த குற்றம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையில் அடிமைகளுக்கென்றே விதிகள் இருந்தன. சட்டப்படி அடிமைமுறை ஒழிந்தது 1844இல். பழக்கமாக ஒழிந்ததா? 1968இல்கூட ஒடுக்கப்பட்ட சாதியினர் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே விடச் சொல்லிப் போராட வேண்டியிருந்தது. என் அப்பாச்சி ஒரு பெரிய வீட்டில் நெல்லுக் குத்தினவர். தாகத்துக்குக் கேட்டால் செம்பைக் கையில் தர மாட்டார்கள். குனிந்து இரண்டு கையையும் ஏந்த வேண்டும், மேலேயிருந்து வார்ப்பார்கள். சாகும்வரை அவர் கிளாஸில் தண்ணீர் குடித்தாலும் மற்றக் கையைக் கீழே ஏந்திக்கொண்டுதான் குடிப்பார். இதைவிடப் பெரிய திகில் எந்த மாளிகையில் இருக்கிறது? அண்ணை எழுதட்டும். கட்டாயம் எழுதட்டும்.

வடலி:
அப்பாச்சி பட்டதை நான் மறுக்கவில்லை. மறுக்க எனக்கு வாயும் இல்லை. என் பயம் வேறு. இரண்டையும் ஒரே வீட்டுக்குள் வைத்தால், வீடு இடிந்ததே சாதித் திமிருக்குக் கிடைத்த தண்டனை என்றுதான் வாசிப்பவர் எடுப்பார். செல் குண்டு சாதி பார்த்து விழவில்லையே. பெரிய வீடு விழுந்த அன்றே பக்கத்துக் கொட்டிலும் எரிந்தது. கொட்டிலுக்குச் சுவர் இல்லாததால் இன்றைக்கு இடிபாடுகூட மிஞ்சவில்லை. அதை எந்த மாளிகைக் கதை சொல்லும்?

கிணற்றடி:
இது நியாயமான கேள்வி. எங்களுடையதும் அப்படித்தான் போனது. அடையாளத்துக்கு ஒரு அம்மிகூட இல்லை.

மாரிமழை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்குக் கவலை காலநிலை. தயவுசெய்து மூடுபனியும் மெழுகுதிரியும் வேண்டாம். எங்கள் பயம் மத்தியானப் பயம். உச்சிவெயிலில் பனங்கூடல் பக்கம் போகாதே, முனி அடிக்கும் என்பார்கள். காற்று விழுந்து, காவோலை சரசரப்பும் நின்றுபோகும் அந்த நேரத்தை எழுதுங்கள். அப்புறம் தண்ணீர். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிலத்துக்கடியில்தான் நிற்கிறது. நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று கேட்டுத்தானே வளர்ந்தோம்? மேலே வேலி போட்டு, இது உன் கிணறு இது என் கிணறு என்று பிரித்தார்கள். கீழே ஒரே தண்ணீர். எனக்கு இதை நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது.

சங்கடப்படலை:
இரவு முழுக்க இதையே யோசித்தேன். பூட்டிய அறையை எடுத்துவிடுகிறேன். பேய் வீட்டுக்குள் இல்லை. உயிரோடு இருந்தபோது தலைவாசல் தாண்டாதவர் செத்த பிறகு மட்டும் எப்படி உள்ளே வருவார்? வெளிவாசல் படலையில்தான் நிற்பார். வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப்பானை வைத்த அதே படலையில், கையை ஏந்திக்கொண்டு. உள்ளே இருக்கும் பெண்ணுக்கு ஒவ்வொரு மத்தியானமும் ‘தண்ணி’ என்று ஒரு குரல் கேட்கும். வீடு ஏன் இடிந்தது என்பதைத் தனி அத்தியாயமாக, பேயே இல்லாமல், திகதியோடு எழுதுகிறேன். பக்கத்துக் கொட்டிலும் அதில் வரும்.

கிணற்றடி:
அந்தப் பெண் செம்பைக் கையில் கொடுப்பாளா?

சங்கடப்படலை:
அது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

வடலி:
படலையில் நிற்கும் பேய் என்றால் நான் வாசிப்பேன். மற்ற அத்தியாயத்துக்கு ஒன்று சொல்கிறேன். வலிகாமம் முழுக்க வெளிக்கிட்ட 1995 ஒக்டோபர் 30 இரவை எழுதினால் மழையை விட்டுவிடாதீர்கள். நாவற்குழிப் பாலத்தில் அசைய இடமில்லாமல் நின்றபோது சனம் குடையைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீர் ஏந்தியது. எங்களுக்கு அதில் குடிக்கத் தந்தவர் யாரென்று அம்மாவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.